வளர்ந்தவர்களின் வைரஸ் சளிக்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுதல்: சான்று எவ்வளவு, எச்சரிக்கை எங்கே?

சிறுவாணிச்சாரல் (கோவை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாமனாருக்கு 64 வயது. சர்க்கரை நோயும் லேசான ஆஸ்துமாவும் உண்டு. பருவமழை தொடங்கினால் வீட்டில் யாருக்காவது சளி பிடிப்பதும், அது ஒவ்வொருவராகச் சுற்றிவந்து கடைசியில் அவருடைய நெஞ்சில் இறங்குவதும் வழக்கமாகிவிட்டது. இப்போது மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தினமும் ஜல நேத்தி (உப்புநீரை ஒரு நாசியில் விட்டு மறு நாசியில் வெளியேற்றும் யோகப் பயிற்சி) செய்தால் சளியே வராது என்கிறார் அவருடைய யோகா ஆசிரியர். உப்புநீர் மூக்கில் ஏறினாலே வைரஸ் செத்துவிடும் என்று என் நாத்தனார் அனுப்பிய காணொளியில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். குடும்ப மருத்துவரோ "செய்யலாம், கெடுதல் இல்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் அறிய விரும்புவது இரண்டு. வளர்ந்தவர்களுக்கு வைரஸால் வரும் சளி, காய்ச்சல், கொரோனா போன்றவற்றில் இது உண்மையில் நோயைக் குறைக்கிறதா, அல்லது மூக்கடைப்பு விலகும் சுகம் மட்டும்தானா? செய்வதென்றால் எந்த உப்பை எந்தத் தண்ணீரில் எவ்வளவு கலக்க வேண்டும்?

காமூதொ மருத்துவர் (திருச்சி)

அம்மா, நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். உங்கள் முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: நோயை ஓரளவு குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அந்த "ஓரளவு" என்ற சொல்லை யாரும் விழுங்கிவிடக் கூடாது.

மூக்கின் உட்சுவரில் சளிப்படலமும், அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களும் உள்ளன. சளி வைரஸ்கள் முதலில் பெருகும் இடம் பெரும்பாலும் இதுதான். சளி கெட்டியானால் நுண்மயிர்கள் அதை நகர்த்தத் திணறுகின்றன. உப்புநீர் அதை இளக்கி, வைரஸும் அழற்சிப் பொருள்களும் கலந்த கழிவை வெளியேற்றுகிறது. இவ்வளவுதான் பல காலம் சொல்லப்பட்டு வந்தது. எடின்பரோவில் சந்தீப் ராமலிங்கம் தலைமையிலான குழு 2018-இல் இன்னொரு விளக்கத்தைச் சேர்த்தது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகளை மூக்கின் உட்பரப்பை மூடியுள்ளவை போன்ற செல்கள் எடுத்துக்கொண்டு தங்களுக்குள்ளேயே ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகின்றன என்பதையும், அது வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது என்பதையும் ஆய்வகச் செல்களில் காட்டினார்கள். துணி வெளுக்கும் திரவத்தில் (ப்ளீச்) இருக்கும் அதே வேதிப்பொருள்தான் இது என்றாலும், செல்லுக்குள் உருவாகும் அளவு மிக மிகச் சிறியது. ஆகவே "உப்புநீர் பட்டதும் வைரஸ் செத்துவிடும்" என்ற காணொளிக் கூற்று தவறு. உப்பு, செல்லின் கையில் ஒரு கருவியைக் கொடுக்கிறது என்பதே சரி.

அதே குழு 2019-இல் வளர்ந்தவர்களிடம் நடத்திய முன்னோட்டச் சோதனையின் முடிவை வெளியிட்டது. சளி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் வந்த 66 பேரில் ஒரு பாதியினர் வீட்டிலேயே தயாரித்த அடர்த்தி கூடிய உப்புநீரால் மூக்கைக் கழுவி, வாயும் கொப்பளித்தார்கள். மறுபாதியினர் வழக்கம்போல் இருந்தார்கள். கழுவியவர்களுக்கு நோய் சராசரியாக 1.9 நாள் முன்னதாகத் தீர்ந்தது. கடையில் தானாக வாங்கும் மருந்தின் பயன்பாடு 36 விழுக்காடும், வீட்டிலிருப்பவர்களுக்குத் தொற்றியது 35 விழுக்காடும் குறைந்தன. உங்கள் வீட்டில் சளி சுற்றிவருவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நேரடியாகப் பொருந்தும் கடைசி எண்ணைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஐயவாதி

மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும். 66 பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகலாமா? முன்னோட்டச் சோதனை என்பதே, பெரிய சோதனை நடத்த முடியுமா என்று பார்ப்பதற்கானது. அதிலும் தான் மூக்கைக் கழுவுகிறோம் என்பது கழுவுகிறவருக்குத் தெரியும். "இன்று எப்படி இருக்கிறது" என்று கேட்டால், முயற்சி எடுத்தவர் சற்று நன்றாக இருப்பதாகவே சொல்வார். வீட்டில் தொற்றியது எவ்வளவு என்பதும் அவர்களே சொன்ன கணக்குதான்.

பல சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வைப் படித்துப் பாருங்கள். அதில் தேறிய சோதனைகள் ஐந்து. வளர்ந்தவர்கள் மொத்தமே 205 பேர். அறிகுறிகள் குறையக்கூடும், ஆனால் உறுதியாகச் சொல்வதற்குச் சோதனைகள் மிகச் சிறியவை என்றுதான் அது முடிகிறது.

கொரோனாவை வைத்துச் சொல்லப்படும் "மருத்துவமனைச் சேர்க்கை எட்டு மடங்கு குறைந்தது" என்ற செய்தியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் அகஸ்டா நகரில் 55 வயதைக் கடந்த 79 பேர் தொற்று உறுதியானதும் நாளுக்கு இருமுறை கழுவினார்கள். ஒருவரே மருத்துவமனையில் சேர்ந்தார். இந்த விகிதத்தை அதே ஊரில், அதே வாரங்களில் கழுவாமல் இருந்தவர்களோடு ஒப்பிடவில்லை. நாடு முழுவதுக்குமான அரசுப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டார்கள். ஆய்வில் சேர முன்வந்து, சொன்னபடி பதினான்கு நாள் கழுவும் ஒருவரும், நாட்டின் புள்ளிவிவரத்தில் வரும் சராசரி நோயாளியும் ஒன்றல்ல. அந்த "எட்டு மடங்கு" எனக்குக் காணொளிச் சரக்காகவே படுகிறது.

டைன் நதிக்கரை (நியூகாசில்)

நான் இங்கே பொதுமருத்துவர் நிலையம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். ஐயவாதி கேட்கும் பெரிய சோதனை வந்துவிட்டது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பால் லிட்டில் குழு பிரிட்டனின் 332 பொதுமருத்துவர் நிலையங்கள் வழியாக 13,799 பேரைச் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2024-இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியானது. சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறுவாணிச்சாரல் அவர்களின் மாமனாரைப் போன்றவர்கள். ஏதாவதொரு கூட்டு நோயோ, அடிக்கடி சளி பிடிக்கும் வரலாறோ உள்ளவர்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும், ஒன்றுக்கு ஜெல் வகை மூக்குத் தெளிப்பான், ஒன்றுக்குச் சாதாரண உப்புநீர்த் தெளிப்பான், இன்னொன்றுக்கு உடற்பயிற்சியையும் மன அழுத்தக் குறைப்பையும் ஊக்குவிக்கும் இணையதளம் என்று நான்காகப் பிரித்தார்கள்.

ஆறு மாதக் கணக்கில் வழக்கமான பிரிவினர் சராசரியாக 8.2 நாள்கள் சுவாசத்தொற்றால் அவதிப்பட்டார்கள். உப்புநீர்ப் பிரிவில் அது 6.4 நாள், ஜெல் பிரிவில் 6.5 நாள். செய்தித்தாள்கள் இதை "சளி இரண்டு நாள் முன்னதாகக் குணமாகும்" என்று எழுதின. அது பிழையான வாசிப்பு. ஆறு மாதத்தில் வந்துபோன எல்லாச் சளிகளின் நாள்களையும், ஒருமுறைகூடச் சளி பிடிக்காதவர்களின் பூஜ்ஜியத்தையும் கூட்டி வகுத்த சராசரி அது.

நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. உப்புநீர்ப் பிரிவில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் பயனில்லை என்று நாங்கள் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாத நோயாளிக்குக் கையில் கொடுக்க ஒரு பொருள் இருப்பது பேச்சைவிட நன்றாக வேலை செய்கிறது.

இன்னும் ஒன்று: இந்தச் சோதனையில் யாரும் மூக்கு வழியாகக் குவளை நீரை ஊற்றவில்லை. அறிகுறி தொடங்கியதும் ஒவ்வொரு நாசியிலும் இரண்டு தெளிப்பு, நாளுக்கு ஆறுமுறை வரை. அவ்வளவே.

ஐயவாதி

இந்தச் சோதனையிலும் வழக்கமான பிரிவினருக்குப் போலித் தெளிப்பான் (பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மருந்தில்லாதது) கொடுக்கப்படவில்லை என்பதால் என் முதல் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. ஆனால் பதின்மூன்றாயிரம் பேர் என்பது வேறு எடை. ஆன்டிபயாட்டிக் கணக்கையும் எளிதில் தள்ளிவிட முடியாது. "மலிவானது, சிறிய பயன் இருக்கக்கூடும்" என்ற அளவுக்கு நான் உடன்படுகிறேன். அகஸ்டா பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

காமூதொ மருத்துவர் (திருச்சி)

அகஸ்டா ஆய்வின் ஒப்பீடு பலவீனமானது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. போலி மருந்து விஷயத்தில் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல வேண்டும். உப்புநீருக்குப் போலியாக எதைக் கொடுப்பது? வெறும் தண்ணீர் மூக்கில் எரியும். எரிச்சலைவைத்தே தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளி கண்டுபிடித்துவிடுவார். எரியாத எதைக் கொடுத்தாலும் அதுவும் கிட்டத்தட்ட உப்புநீராகவே இருக்கும்.

நம் ஊரில் இதைவிட வேரூன்றிய பழக்கமான ஆவி பிடித்தலையும் இதே பால் லிட்டில் குழு சோதித்திருக்கிறது. நீண்டநாள் சைனஸ் தொல்லை உள்ள 871 பேரிடம் நடத்தப்பட்ட அந்தச் சோதனை 2016-இல் வெளிவந்தது. உப்புநீரால் கழுவியவர்களுக்குச் சிறிய ஆனால் தெளிவான பயன் கிடைத்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி சற்றுக் குறைந்ததைத் தவிரக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. அது நாள்பட்ட சைனஸ், இது புதிய வைரஸ் சளி. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆயினும், கொதிக்கும் பாத்திரத்தை மடியருகே வைத்துப் போர்வைக்குள் குனிந்து தொடையைச் சுட்டுக்கொண்டு வருகிறவர்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன் என்பதால் சொல்லத் தோன்றியது.

நேத்திப் பயிற்சியாளர்

ஜல நேத்தியைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஹட யோகத்தின் ஆறு தூய்மைச் செயல்களில் நேத்தியும் ஒன்று. பயிற்சியின் நோக்கம் மூச்சுப்பாதையைத் திறந்து பிராணாயாமத்துக்கு ஆயத்தம் செய்வது. சளியே வராமல் தடுக்கும் என்று நான் மாணவர்களிடம் சொல்வதில்லை. மூக்கு முழுவதுமாக அடைத்திருக்கும் நாளில் நேத்திக் குவளையைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்வேன். ஒரு நாசியில் விட்ட நீர் மறு நாசியில் இறங்க வழியில்லாமல் தேங்கி, காதுக்குப் போகும் குழாயில் அழுத்தம் கொடுக்கும்.

காமூதொ மருத்துவர் (திருச்சி)

நல்ல குறிப்பு, நன்றி ஐயா. சளியின் முதல் நாள்களில் மூக்கு இறுக அடைத்திருந்தால் தெளிப்பானோ சொட்டோ போதும். சளி இளகி ஒழுகத் தொடங்கிய பின் கழுவலாம். கழுவும்போது தொட்டிமேல் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட வேண்டும். பேசவோ விழுங்கவோ கூடாது. பிதுக்கும் குப்பி என்றால் மெதுவாகப் பிதுக்க வேண்டும். முடிந்ததும் இரு நாசிகளையும் அடைத்துக்கொண்டு ஓங்கிச் சிந்துவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு பக்கமாக, மெல்லச் சிந்த வேண்டும்.

கழுவிய தொட்டியில் வைரஸ் கலந்த நீர்தான் விழுகிறது என்பதால் அதையும் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். ஒருவர் குப்பியை மற்றவர் தொடக் கூடாது.

மாசிவீதி மருந்தாளுநர் (மதுரை)

உப்பின் அளவைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் கடைக்கு வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். உடல் திரவத்துக்கு இணையான அடர்த்தி 0.9 விழுக்காடு, அதாவது ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. கால் லிட்டர் டம்ளருக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகம். இதைத் தேக்கரண்டியால் அளக்கும்போதுதான் கணக்கு கெடுகிறது. தூள் உப்பைத் தலைதட்டி எடுத்தால் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கும். கோபுரமாக எடுத்தால் எட்டையும் தாண்டும். கல் உப்பென்றால் கற்களுக்கு இடையே காற்று நிற்பதால் அதே கரண்டியில் எடை குறையும், கல்லின் பருமனுக்கேற்ப ஒவ்வொரு முறையும் மாறும். சமையலறை எடைத் தராசு இருந்தால் ஒரு லிட்டருக்கு 9 கிராம் என்று நிறுத்துக் கலப்பதே சிறந்தது. இல்லையெனில் கால் லிட்டருக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான தூள் உப்பு.

எரிச்சல் வந்தால் உப்பு கூடிவிட்டது என்று நினைத்து மேலும் நீர் ஊற்றுகிறார்கள். உப்பு குறைந்தாலும் எரியும். குளத்தில் மூக்கினுள் நீர் ஏறினால் ஏற்படும் அந்தச் சுரீர் உணர்வு அதுதான். ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் தணியும். கல் உப்பில் மண்ணும் தூசும் இருக்கும். நீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு வடிகட்டாமல் பயன்படுத்தாதீர்கள்.

இதெல்லாம் தொல்லை என்றால் கடையில் அளந்து கட்டிய பொட்டலங்கள் கிடைக்கின்றன. 0.65 விழுக்காட்டு உப்புநீர்ச் சொட்டும், அடர்த்தி கூடிய தெளிப்பானும் உண்டு. "மூக்குச் சொட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் கலந்த அடைப்பு நீக்கிகளும் அதே அளவுக் குப்பியில்தான் வரும். அவற்றைச் சில நாள்களுக்குமேல் விட்டால், நிறுத்தியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். பெட்டியில் சோடியம் குளோரைடு என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நீலகிரித்தென்றல் (உதகை)

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எங்கள் வீட்டில் நகராட்சிக் குழாய்நீர்தான். குடிப்பதையே மூக்கிலும் விடலாம் அல்லவா?

காமூதொ மருத்துவர் (திருச்சி)

வேண்டாம். இந்த உரையாடல் இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குடிநீர் வயிற்றுக்குப் போகிறது. அங்கே அமிலம் காவல் இருக்கிறது. மூக்கின் கூரையிலோ, மணம் உணரும் நரம்பிழைகள் சல்லடைபோன்ற மெல்லிய எலும்பின் துளைகள் வழியே நேராக மூளைக்கு ஏறுகின்றன. நெக்லீரியா ஃபௌலேரி என்ற அமீபா அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். அதே நீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது; மூக்கில் ஏறினால் வரும் மூளைக்காய்ச்சலில் பிழைப்பவர் மிகச் சிலர். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்நீரால் நேத்திக் குவளை பயன்படுத்திய இருவர் இப்படி இறந்தார்கள். சியாட்டிலில் 69 வயதுப் பெண்மணி ஒருவர் கடையில் வாங்கிய வடிகட்டியில் வடித்த குழாய்நீரால் மூக்கைக் கழுவி வந்தார். பலமுத்தியா என்ற வேறொரு அமீபா மூளையில் பரவி இறந்த அவருடைய நிகழ்வு 2018-இல் மருத்துவ இதழில் வெளியானது. கராச்சியில் நீச்சலே அடிக்காத பலருக்கு, தொழுகைக்கு முன் மூக்கில் நீரிழுத்துத் தூய்மை செய்யும்போது இந்த நோய் வந்திருக்கிறது. 2024 மே முதல் ஜூலை வரை நம் பக்கத்து வட கேரளத்தைச் சேர்ந்த, குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர் மூவர் இறந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அவர்கள் யாரும் மூக்கைக் கழுவியவர்கள் அல்லர். ஆனால் இந்த உயிரி நம் நீர்நிலைகளிலும் இருக்கிறது என்பதற்கு அது போதும்.

இத்தகைய நிகழ்வுகள் மிக அரிதானவை என்பதும் உண்மை. அரிது என்பதற்காகக் கொதிக்கவைக்கும் வேலையை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விட வேண்டும். நீங்கள் உதகையில் இருப்பதால் மூன்று நிமிடம். இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். மூடியபடியே ஆறவிட்டு, வெதுவெதுப்பாகப் பயன்படுத்துங்கள். ஆறுவதற்குள் அவசரப்பட்டுக் குழாய்நீரைக் கலந்து விளாவினால் கொதிக்கவைத்ததே வீண்.

சிறுவாணிச்சாரல் (கோவை)

மிக்க நன்றி. கேன் தண்ணீரும் வீட்டு ஆர்ஓ நீரும் போதுமா? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கி வைத்த டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் இருக்கிறது. "அதுதான் சுத்தமான நீர்" என்கிறார் என் கணவர். மாமனார் இதயத்துக்காக ஆஸ்பிரினும் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் சொல்ல விட்டுவிட்டேன்.

மாசிவீதி மருந்தாளுநர் (மதுரை)

பேட்டரி நீரை மூக்குக்கு எடுக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள் அம்மா. அது பேட்டரித் தகடு கெடாமலிருக்கத் தாது நீக்கப்பட்ட நீர்; கிருமி நீக்கியதென்று எவரும் உறுதி தருவதில்லை. ஆர்ஓ சவ்வு அமீபாவைத் தடுத்தாலும், சவ்வைக் கடந்த நீர் கருவியின் தொட்டியில் தேங்கிக் கிடக்கிறது, அந்தத் தொட்டியை நாம் எப்போது திறந்து பார்த்தோம்? கேன் நீரும் அப்படித்தான். எதுவாக இருந்தாலும் கொதிக்கவைத்து எடுங்கள். சிரை வழி ஏற்றும் 100 மில்லி சலைன் குப்பியையும் மருத்துவர் சொல்லிப் பலர் வாங்குகிறார்கள். திறந்த குப்பியில் மிஞ்சியதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. கழுவும் குப்பியை ஒவ்வொரு முறையும் கொதித்தாறிய நீரால் அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். ஈரம் தங்கிய மூடியில்தான் வழவழப்பு படியும்.

காமூதொ மருத்துவர் (திருச்சி)

உங்கள் மாமனாருக்கு நான் பரிந்துரைப்பது இது. சளி இல்லாத நாள்களில் தினமும் கழுவ வேண்டியதில்லை. தும்மலும் தொண்டைக் கரகரப்பும் தொடங்கிய அன்றே ஆரம்பிப்பதில்தான் பயன் இருக்கிறது. நான்காம் நாள் நெஞ்சில் இறங்கியபின் தொடங்குவது பெரிதாக உதவாது. ஆஸ்துமா உள்ளவர் என்பதால் அடர்த்தி கூடிய கலவையைத் தவிர்த்து 0.9 விழுக்காட்டில் வைத்துக்கொள்ளட்டும். ஆஸ்பிரின் எடுப்பவருக்கு மூக்கில் ரத்தம் கசிய வாய்ப்புண்டு. எனவே பிதுக்கும் குப்பிக்குப் பதில் தெளிப்பான் போதும். ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கட்டும். ஆஸ்பிரினையோ இன்ஹேலரையோ சர்க்கரை மருந்தையோ இதைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. வீட்டில் முதலில் யாருக்குச் சளி பிடிக்கிறதோ அவரும் கழுவட்டும். மாமனாருக்குப் போய்ச் சேருவதைக் குறைக்கும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

தலையில் அடிபட்டவர்கள், அண்மையில் மூக்கிலோ காதிலோ அறுவை செய்துகொண்டவர்கள், பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் மூக்கில் நீர் விட வேண்டாம். புற்றுநோய் மருந்தோ, உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய மருந்தோ எடுத்து எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அப்படியே. கிருமி நீக்கிய நீர் என்ற விதியில் அவர்களுக்கு எந்தத் தளர்வும் கிடையாது.

மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ அவரை உடனே அழைத்துச் செல்லுங்கள். மூக்கொழுகலோ தும்மலோ இல்லாமல் கடுங்காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால், மழைக்காலத்தில் அதைச் சளிக்காய்ச்சல் கணக்கில் சேர்க்காமல் டெங்குக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.